இரண்டு முறை பழக்கிய இன்ஜின்

அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாக்கிய வருடம், இரண்டாயிரத்து ஏழில், ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிளைப் பார்த்து நின்றுவிட்டேன். அதன் மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பெரியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீன்சுருட்டிக்காரர், பெண்ணைப் பெற்றவர். இன்னொருவர் ரெட்டிபாளையத்துக்காரர், மாப்பிள்ளையைப் பெற்றவர். என்னை அடையாளம் கண்டதும் இருவருக்கும் முகம் மலர்ந்தது. சண்டைக்குச் சாட்சி கிடைத்த மலர்ச்சி.

“சொல்லு தம்பி. இந்த இன்ஜின இத்தன வருசமா ஒருத்தன் பிரிக்கல. யாரு பழக்குனதால?” என்றார் மீன்சுருட்டிக்காரர்.

“நெஞ்சுல கைய வச்சு சொல்லு” என்றார் ரெட்டிபாளையத்துக்காரர்.

இடைப்பட்ட காலத்தில் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். இந்த இன்ஜினை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. யாரால் என்பதில்தான். நான் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு அவர்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். இரண்டு முறையும் ஓட்டியவன் நான்தான் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர் போடும் லாரியில் குழாய் தூக்கினேன், திருச்சியில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தேன். ஒரு ஊரில் மூன்று மாதம் தங்கினால் கால் அரிக்கும். தொண்ணூற்றேழு வாக்கில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலைக்காக மீன்சுருட்டிக்குப் போனவன், கொட்டை முடிந்ததும் கிளம்பத் தயாராக இருந்தேன். அப்போதுதான் முந்திரித் தோப்பின் சொந்தக்காரரான அந்தப் பெரியவர் கேட்டார்.

“உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்ங்க.”

“வேகமா ஓட்டுவியா?”

வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லித்தான் பழக்கம். ஆமாம் என்றேன்.

“அப்ப நீ வேணாம்” என்றார்.

பிறகு வேறு ஆள் கிடைக்காமல் என்னையே கூப்பிட்டார். அவருடைய இரண்டாவது பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வண்டி கேட்டிருந்தார்கள். ஷோரூமில் இருந்து வந்தபடியே, சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்காமல், மீட்டரில் முட்டையோடு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பெரியவருக்கு வண்டி கொடுப்பதில் வருத்தமில்லை. பழக்காத இன்ஜினை மாப்பிள்ளை கையில் கொடுப்பதுதான் பயம்.

பழக்குவது என்றால் இதுதான். புது இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பது வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும். உள்ளே இரும்போடு இரும்பு உரசி ஒன்றுக்கொன்று இணங்கிப் போகிற காலம் அது. அதற்குள் விரட்டினால் இன்ஜினின் ஆயுசு போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மாலை போட்டவர்கள் விரதம் காப்பதைப்போலக் காத்தார்கள். பெரியவர் மாடு பழக்கியவர். இளங்காளையை முதல் நாள் வெறும் நுகத்தடியில் கட்டி நடத்த வேண்டும், பிறகு வெறும் வண்டி, அதன் பிறகுதான் பாரம். இன்ஜினும் அவருக்கு இளங்காளைதான். அதோடு அவர் விவசாயி. மூட்டையில் எழுதியிருக்கிற அளவைவிட இரண்டு பங்கு உரம் போட்டால்தான் மனசு ஆறும். அதனால், “பொஸ்தகத்துல ஆயிரம்னு போட்டிருக்கான். நாம ரெண்டாயிரம் ஓட்டிருவோம்” என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் மாட்டுக் கொட்டகையில் நின்றது. மூத்த பெண்ணுக்கு அவர் வாங்கிக் கொடுத்த வண்டி. கல்யாணமான வருடமே அதன் இன்ஜின் இறுகிப்போய் நின்றுவிட்டது. ஓட்டை வண்டியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள், வேறு வண்டி வேண்டும் என்றார் அந்த மாப்பிள்ளை. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள் அல்லவா, அப்படி வந்த மூத்தவளை ஆவணியில் கூப்பிட அவர் வரவே இல்லை. வண்டியை மட்டும் ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவைத்தார். அதன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கட்டில் போட்ட இடமும் அந்தக் கொட்டகைதான்.

மூத்தவள் என்னைவிட இரண்டொரு வயது பெரியவள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் சாணி அள்ளிக்கொண்டே கேட்டாள்.

“தம்பி, வண்டிய நீ பழக்கிருவ. மாப்பிள்ளைய யாரு பழக்குறது?”

“அதுக்கு வேற ஆளு பாப்பாங்க போலக்கா.”

“ரெண்டாயிரம் கிலோமீட்டரு பத்தாது. அப்பாட்ட சொல்லு.”

மீட்டரில் முட்டை இருக்க வேண்டும் என்பதால் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைப் பெரியவர் கழற்றிவிட்டார். இனி எவ்வளவு தூரம் ஓடினாலும் மீட்டருக்குத் தெரியாது. ஆனால் வேகமும் தெரியாது. மைல்கல்லை வைத்துத் தூரத்தைக் கணக்குப் பண்ணிவிடலாம். நாற்பதைத் தாண்டாமல் போவது எப்படி என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“நம்ம ஊர்ல இருந்து ஜெயங்கொண்டம் வழியா பெரம்பலூருக்கு ஒரு பஸ்ஸு போவுதுல்ல, எல்லா ஊர்லயும் நின்னு நின்னு. அது நாப்பதத் தாண்டுனத நான் பாத்ததில்ல. அது பின்னாடியே போ. அத முந்துன, அன்னைக்கு சோறு கெடயாது.”

இப்படியாக நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் வாழத் தொடங்கினேன். அது எங்கே நின்றதோ அங்கே நின்றேன். ஆள் ஏறி, கூடை ஏறி, ஆடு ஏறி, ஆட்டுக்கு டிக்கெட் உண்டா என்ற வழக்கு தீர்ந்து அது கிளம்பும்போது கிளம்பினேன். அதன் புகை முழுவதையும் குடித்தேன். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டில் உட்காருவது தோசைக்கல்லில் உட்காருவதைப்போல இருக்கும். வேர்த்தால் வழுக்கும். பிரேக் பிடித்தால் நான் பெட்ரோல் டேங்க் மேல் போய் இறங்குவேன். உறை கிழிந்துவிடாமல் இருக்க ஈரத்துண்டு விரித்து, அதன் மேல் ஒரு சாக்கு விரித்து, அதன் மேல் நான். மொபெட்டில் போகிறவர்கள் என்னைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஒருமுறை சைக்கிளில் வைக்கோல் கட்டிக்கொண்டு போன ஒருவர் இறக்கத்தில் என்னை முந்திவிட்டு, “பெட்ரோல் இல்லையா தம்பி?” என்று இரக்கப்பட்டார்.

ஊர் ஊராகப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. காலையில் கிளம்பி உடையார்பாளையம், அரியலூர், பெரம்பலூர் என்று நாளெல்லாம் போகிறேன். சாயங்காலம் அதே கொட்டகைக்கு, அதே கோழிக்குத் திரும்பி வருகிறேன்.

திரும்பியதும் பெரியவர் ஓடி வந்து புறங்கையால் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப்போல. என்னைத் தொட்டுப் பார்த்ததில்லை. சூடாக இருந்தால் வேப்பமர நிழலில் நிறுத்தச் சொல்வார். ஒருநாள் மாட்டுக்கு ஊற்றுவதுபோல ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று நான் குறுக்கே விழுந்து, அந்தத் தண்ணீரை நான் வாங்கிக்கொண்டேன். நல்ல வெயிலில் வந்திருந்ததால் எனக்கு அது இதமாகவே இருந்தது. பாதியில் ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றினார். வடித்த பழைய ஆயிலைக் கொட்ட மனசு வராமல் கட்டை வண்டியின் அச்சுக்குப் போட்டார். சில நாட்களுக்கு அந்த வீட்டில் எந்தச் சக்கரமும் சத்தம் போடவில்லை.

தினமும் ஒரே பஸ்ஸின் பின்னால் ஒரே ஆள் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதை நானோ அவரோ யோசிக்கவில்லை. பஸ்ஸின் கடைசி சீட்டில் காலேஜ் பெண்கள் உட்காருவார்கள். என் வண்டியிலோ நம்பர் எழுதவில்லை. ஒருநாள் உடையார்பாளையம் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் நாலைந்து பேர் ரோட்டில் இறங்கி என்னை மறித்தார்கள். கண்டக்டரே சொல்லி வைத்திருக்கிறார். பஸ் போய்விட்டது.

அவர்களில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர் சாவியைப் பிடுங்கினார். “எந்தப் பொண்ணுடா?”

“பொண்ணெல்லாம் இல்லண்ணே.”

“பொண்ணு இல்லாம எவன்டா தினம் பஸ்ஸு பின்னாடி வருவான்? டிரைவர் மேல ஆசையா?”

அடி விழும் என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் போய்விடும். பாதி உண்மையைச் சொன்னேன். “இன்ஜின் பழக்குறேன்ண்ணே. நாப்பதுக்கு மேல போகக் கூடாது. மீட்டர் ஓடல. அதான் பஸ்ஸப் புடிச்சுக்கிட்டே போறேன். டவுன்ல ஒரு டாக்டரு வண்டி.”

“எந்த டாக்டரு?”

“பல் டாக்டரு.”

வெள்ளைச் சட்டைக்காரர் என்னை நம்பவில்லை. ஆனால் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு குண்டு ஆள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“நாப்பதா? யாரு சொன்னா நாப்பதுன்னு? முப்பது மாப்ள. முதல் ஐநூறுக்கு முப்பதுதான்.”

“போய்யா. ஒரே சீரா ஓட்டுனா ரிங்கு எப்படி உக்காரும்? ஒருதடவ நல்லா முறுக்கி வுடணும்” என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

“முறுக்கித்தான் உன் தம்பி வண்டி இப்ப கெணத்து மேட்டுல கெடக்கு.”

“அது இன்ஜின் கோளாறு இல்ல. அது அவன் கோளாறு.”

கொஞ்ச நேரத்தில் என்னை எல்லோரும் மறந்துபோனார்கள். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, ஆயிலை இருநூறிலேயே மாற்ற வேண்டும் என்றார். யாரோ அவருக்கு வண்டியே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். டீயைப் பற்றிப் பேச டீ வேண்டும் என்றால் இந்தக் கடையில் யாருமே பேச முடியாது என்று இன்னொருவர் அவருக்குப் பரிந்து வந்தார். நான் சாவியைக் கேட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் பேச்சை நிறுத்தாமலே கொடுத்தார். கிளம்பும்போது குண்டு ஆள் மட்டும் சொன்னார்: “இந்தக் காலத்துல இவ்வளவு பொறுமையா ஓட்டுற ஆளு கெடைக்க மாட்டான்யா.” அந்தச் சான்றிதழ்தான் என்னைப் பிறகு மாட்டிவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டாயிரம் முடிந்தது. சைலன்ஸர் நீலம் பாரித்திருந்ததைப் பெரியவரின் மனைவி புளி போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதைப்போலத் தேய்த்தார். மீட்டர் ஒயரை மாட்டினோம். முட்டை அப்படியே இருந்தது. டயரைத்தான் யாரும் நினைக்கவில்லை. புது டயரில் மயிர் மயிராக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்து வாசலில், மாலை போட்ட வண்டியைச் சுற்றி வந்த ரெட்டிபாளையத்துக்காரர் குனிந்து டயரைத் தடவினார்.

“என்னா சம்மந்தி, டயரு மழமழன்னு இருக்கு?”

பெரியவருக்கு வேர்த்துவிட்டது. மூத்தவள் தாம்பூலத் தட்டோடு அங்கேதான் நின்றாள்.

“எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனோம் மாமா. எல்லாரும் ரெண்டு பழம் ஏத்துவாங்க. எங்கப்பாவுக்கு மனசு ஆறல. ஒரு கூடை ஏத்துனாரு. முன்னாடி பின்னாடி, முன்னாடி பின்னாடி.”

ரெட்டிபாளையத்துக்காரர் பக்தியில் நெகிழ்ந்து நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. “இந்த வண்டிய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.” டீக்கடைக் குண்டு ஆள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மகனாம்.

“கம்பெனிக்காரன் ஊருக்கு ஒரு மாதிரியா செய்யுறான்? எல்லாம் ஒரே அச்சுதான்” என்று மூத்தவள் அவர் கையில் இரண்டு வெற்றிலை கூடுதலாக வைத்தாள்.

ஆனால் அவர் அதற்குள் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். தன் சித்தப்பாவிடம் கைகாட்டி, “இவன்தான் அந்த பல் டாக்டரு வண்டிய பழக்குன பையன். பஸ்ஸ விட மெதுவா போவான்” என்றார்.

ரெட்டிபாளையத்துக்காரர் சாப்பிட்ட கையோடு என்னிடம் வந்தார். அவருக்குத் தன் மகனைத் தெரியும். சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிப்டு விட்டு வருகிறபோது கூட்டாளியின் வண்டியை வாங்கி ஊரே ஒதுங்குகிற மாதிரி ஓட்டுவானாம்.

“புது இன்ஜினு. அவன் கையில குடுத்தா கெடுத்துருவான். நீ வந்து ஒரு ரெண்டாயிரம் பழக்கிக் குடு.”

நான் பெரியவரைப் பார்த்தேன். பெரியவர் தூணைப் பார்த்தார். நான் கோயம்புத்தூர் போவதாக இருந்தேன். பெரியவர் என்னைத் தனியே அழைத்துப்போய், “போயிட்டு வா தம்பி. கண்டவன் கையில போறதுக்கு உன் கையில இருக்கட்டும்” என்றார். பொண்ணைப் பற்றிச் சொல்கிறாரா வண்டியைப் பற்றிச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அது தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை.

ரெட்டிபாளையத்தில் எல்லாமே வெள்ளை. மரம், ஓடு, எருமை எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தூசி. நான் போன முதல் நாள் புதுப்பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் பக்கத்தில் இருந்தார்.

“அண்ணனுக்கு இந்த வேலை பழக்கமா?” என்று முன்பின் தெரியாதவளைப்போலக் கேட்டாள்.

“ஏதோ தெரியும்ங்க” என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானது. அவருடைய வண்டியில் நான் போனேன். அவர் சைக்கிளில் வேலைக்குப் போனார். சினிமாவுக்கு நடந்து போனார்கள். ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, “நீ எப்பதான்டா ஊரவிட்டுப் போவ?” என்றார். “மீட்டரு சொல்லணும்ங்க” என்றேன். மீட்டர் இப்போது ஓடியது. அது ஒன்றுதான் வித்தியாசம். முட்டையிலிருந்து தொடங்கி மறுபடியும் நாற்பது, மறுபடியும் அரியலூர், மறுபடியும் பெரம்பலூர். அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கல்யாணத் தரப்புக்காகவும் விழுந்து எழுந்தவன் நான் ஒருவன்தான்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் மீன்சுருட்டிக்கு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். கணக்கு முடிய இன்னும் நூறு கிலோமீட்டர்போல பாக்கி. ஆகவே மாப்பிள்ளையும் பெண்ணும் பஸ்ஸில் போவது, நான் வண்டியோடு பின்னால் வருவது என்று ரெட்டிபாளையத்துக்காரர் முடிவு செய்தார். மாப்பிள்ளையைப் பெற்றவர் ஆடி விருந்துக்குப் போகிற வழக்கமில்லை. வண்டி போகிறது என்பதால் அவரும் பஸ்ஸில் ஏறினார்.

கடைசி சீட்டில் புதுமாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகத் தன் வண்டி தன் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் பெண். மறுபக்கத்தில் அவருடைய அப்பா, என் வேகம் கூடுகிறதா என்று பார்க்க. டீக்கடைக்காரர்கள் சொல்லிக் கண்டக்டருக்கு இப்போது என் வேலை தெரியுமாதலால் அவரும் பின்னால் வந்து கைகாட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் எனக்குப் பின்னால் நீலமாகப் புகை வர ஆரம்பித்தது. முதலில் பஸ்ஸின் புகை என்று நினைத்தேன். அது முன்னால் அல்லவா போகிறது. இன்ஜின் விக்கியது, இருமியது, மீன்சுருட்டி எல்லையில் நின்றேவிட்டது. நாலாயிரம் கிலோமீட்டர் தடவித் தடவிக் கொண்டுவந்த இன்ஜினை நான் தள்ளிக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஆரத்தித் தட்டு அப்போதுதான் வெளியே வந்தது.

மாப்பிள்ளை வாசல்படி ஏறவில்லை. “ஓட்ட இன்ஜினத் தலையில கட்டிட்டீங்க” என்றார். “எனக்கு வேற வண்டி வேணும்.”

மூத்தவள் கையில் இருந்த தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இதே வார்த்தையை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள்.

ரெட்டிபாளையத்துக்காரர் மகனை அதட்டவில்லை. தொண்டையைக் கனைத்தார். “சம்மந்தி, ஆடிக்குப் பொண்ணு இங்கதான இருக்கப் போவுது. இருக்கட்டும். வண்டிக்கு ஒரு முடிவு தெரியட்டும். ஆவணியப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

புதுப்பெண் கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். பெரியவருடைய மனைவி அழத் தொடங்கினார். பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் பார்த்ததிலேயே அவருக்கு அன்றுதான் அவ்வளவு கோபம்.

“நாப்பதத் தாண்டுனியாடா?”

“இல்லைங்க.”

“தாண்டாம எப்படிடா போவும்? மாட்டப் பழக்குற மாதிரி பழக்குனேன். ரெண்டாயிரம் கிலோமீட்டரு. தொட்டுத் தொட்டுப் பாத்தேன். என் இன்ஜின் எப்படிடா போவும்?”

அவர் சொன்னது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது.

“ரெண்டாயிரமா?” என்றார் ரெட்டிபாளையத்துக்காரர். என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். “பல் டாக்டரு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப பழைய வண்டியவா புதுசுன்னு குடுத்தீங்க?” என்று மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார்.

மூத்தவள் தட்டைத் தாயிடம் கொடுத்துவிட்டு வண்டியிடம் போனாள். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். விரலை விட்டு எடுத்து இரண்டு விரலால் தேய்த்தாள்.

“மாமா, பெட்ரோல்ல என்னா ஊத்துனீங்க?”

ரெட்டிபாளையத்துக்காரர் துண்டைத் தோள் மாற்றினார். “ஒண்ணுமில்ல. நீண்ட பயணமாச்சேன்னு கொஞ்சம் ஆயிலு.”

“எவ்ளோ கொஞ்சம்?”

கையால் ஒரு சொம்பு அளவு காட்டினார். “என் பழைய வண்டிக்குக் காலமெல்லாம் அப்படித்தான் ஊத்துவேன். இன்ஜினுக்குள்ள வழவழன்னு இருக்குமேன்னு.”

அவருடைய பழைய வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஓட்ட வேண்டும். இந்த வண்டிக்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. காலையில் யாருக்கும் தெரியாமல், சம்பந்தி வீட்டுக்குப் போகிற இன்ஜினுக்கு நல்லது செய்கிறேன் என்று ஊற்றியிருக்கிறார். மாப்பிள்ளை மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

மூத்தவள் விரலை மாட்டு வைக்கோலில் துடைத்தாள். “கொட்டகையில ஒரு வண்டி நிக்குதே. அது டெம்போவுல வந்த அன்னைக்கு, அடியில இருக்குற நட்டக் கழட்டிப் பாத்தேன். ஒரு சொட்டு ஆயிலு இல்ல. எந்நாளும் ஊத்தாம ஓட்டியிருக்காரு. தண்ணி காட்டாத மாடு மாதிரி செத்துருக்கு. என்னை யாரும் கேக்கல, நான் சொல்லல.” பிறகு இரண்டு பெரியவர்களையும் பார்த்தாள். “எங்கப்பா மறைச்சுப் பழக்குனாரு. நீங்க மறைச்சு ஆயில் ஊத்துனீங்க. எல்லாம் இன்ஜின் நல்லாருக்கணும்னுதான். இந்தப் பொண்ணு நல்லாருக்கணும்னு யாராவது ஏதாவது ஊத்துனீங்களா?”

கற்பூரம் அணைந்துவிட்டது.

நான் டேங்கை வடித்தேன். பிளக்கைக் கழற்றி, படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். மாப்பிள்ளையே ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வாங்கி வந்தார். நாலைந்து உதையில் இன்ஜின் எழுந்தது. கொஞ்ச நேரம் புகைந்தது, பிறகு தெளிந்தது. சம்பந்திகள் இருவரும் அதன் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தார்கள்.

“மொத்தம் நாலாயிரமாச்சு சம்மந்தி” என்றார் மீன்சுருட்டிக்காரர்.

“இனிமே இதுக்குச் சாவே கெடயாது” என்றார் ரெட்டிபாளையத்துக்காரர். “ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தப் பயலுக்கு ரெண்டு தடவ சோறு போட்டிருக்க வேணாம்.”

விருந்து நடந்தது. கிளம்பும்போது மாப்பிள்ளை சாவிக்காகக் கையை நீட்டினார். அதை நான் புதுப்பெண்ணிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவள் உடனே கொடுக்கவில்லை.

“ஆவணி ஒண்ணாந்தேதி கூப்புட வரணும்” என்றாள்.

“வரேன்.”

“பஸ்ஸுல இல்ல.”

“நாப்பதுலயா?”

“உங்க இஷ்டம்” என்று சாவியைக் கொடுத்தாள்.

என் வேலை முடிந்துவிட்டது. மறுநாளே கோயம்புத்தூருக்குப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை. கடலைக்குக் களை எடுக்கிற வேலை இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு ஆடி முழுக்க அந்தக் கொட்டகையில் கிடந்தேன். அந்த மாதத்தில் மூத்தவள் செத்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாள். காதுத் தோட்டையும் விற்று ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டினாள். அவள் புருஷன் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்று வண்டி எங்கே என்று கேட்டபோது, “வண்டி இல்ல. பாலு இருக்கு. வேணும்னா காசு குடுத்து வாங்கிட்டுப் போங்க” என்றாள். கோழி அடைகாக்க இடமில்லாமல் என் கட்டிலுக்கு வந்துவிட்டது.

ஆவணி முதல் தேதி காலையிலிருந்தே பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. முதல் பஸ் வந்து போனது. அதில் யாரும் இறங்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போனது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். சின்னவள் பையைக் கட்டி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்து முடித்த பிறகும் கரைத்துக்கொண்டிருந்தாள்.

முந்திரித் தோப்புக்கு அப்பால், ரோடு வளைகிற இடத்தில் எதுவும் தெரிவதற்கு முன்னாலேயே, ஒரு சத்தம் கேட்டது. பெரியவர் தலையைச் சாய்த்தார். எனக்கும் அந்தச் சத்தம் தெரியும். நாலாயிரம் கிலோமீட்டர் என் காலுக்கு நடுவில் இருந்த சத்தம். ஆனால் அது அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“அறுபதுக்கு மேல வர்றான்” என்றார் பெரியவர். முகம் வலியில் சுருங்கியது. சத்தம் இன்னும் ஏறியது. “எழுபது.”

எழுந்து நின்று துண்டை உதறினார். நிறுத்தச் சொல்லிக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி வீட்டைப் பார்த்து, “பாப்பா, பைய எடுத்துட்டு வா. ஓட்டட்டும், ஒண்ணும் ஆவாது” என்றார்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் என்னையும் பின்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வண்டி எங்கப்பா?”

“பழகிருச்சுண்ணே” என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.